பழைய மடிக்கணினி வாங்கும் முன்: உள்ளே இருப்பதைக் காட்டிக் கொடுக்கும் ‘லைவ் டிஸ்க்’

பழைய மடிக்கணினி வாங்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் மூன்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்: மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், விற்பவர் சொல்லும் விவரம், விலை. ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். விற்பவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். விலையோ வாங்குபவரின் அவசரத்தைப் பொறுத்தது. பெட்டியைத் திறக்காமல், ஒரு ‘ஸ்குரூ’வையும் கழற்றாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் அளவையும் அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதற்குத் தேவை ஒரு பென்டிரைவ் மட்டுமே.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, வீட்டிலிருந்தே பாடம் படிக்க வேண்டிய நிலை வந்தது. பல குடும்பங்கள் கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்த பழைய கணினியை வாங்கின. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற முடியாத கணினிகள் இப்போது கைமாறி விற்பனைக்கு வருகின்றன. சிம்பாங் பூலாய், கோப்பெங், பத்துகாஜா வட்டாரத்துத் தோட்டப்புற, தாமான் குடும்பங்கள் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கோ, ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் சேரும் பிள்ளைக்கோ கணினி தேடும்போது இவைதான் கண்ணில் படும். சில நல்ல கணினிகள். சில ஆறு மாதம்கூடத் தாங்காதவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

லைவ் டிஸ்க் என்றால் என்ன?

கணினியை முடுக்கியதும் அது ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸைத் தேடிப் பிடித்து இயக்குகிறது. லைவ் டிஸ்க் என்பது தனக்குள்ளேயே முழு இயங்குதளத்தையும் வைத்திருக்கும் சி.டி., டி.வி.டி. அல்லது பென்டிரைவ். அதைச் செருகிக் கணினியைத் தொடங்கினால், ஹார்ட் டிஸ்க்கை நாடாமல், ரேம் நினைவகத்தில் தன்னை ஏற்றிக்கொண்டு இயங்கும். கணினியை நிறுத்திப் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால், மறுமுறை பழைய விண்டோஸ் பழையபடியே வரும்.

இப்படி இயங்கும் தளத்துக்கு, தான் எந்தக் கணினியில் செருகப்படப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பிராசசர், ரேம், திரை, வைஃபை, ஒலி என எல்லா வன்பொருளையும் அது புதிதாகத் தேடிக் கண்டறிந்தாக வேண்டும். அந்தத் தேடலின் முடிவைத்தான் நாம் படித்துக்கொள்கிறோம். விண்டோஸ் பழுதாகித் தொடங்க மறுக்கும் கணினியிலும் இது வேலை செய்யும். விண்டோஸின் ‘அபவுட்’ பக்கத்தில் தெரியும் பிராசசர் பெயர் ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது. விவரம் தெரிந்தவர் அதை மாற்றி எழுதிவிட முடியும். வெளியிலிருந்து வரும் தளம் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. பிராசசரிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னோப்பர். அவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாப்பிக்ஸ்’, சுமார் 2 ஜி.பி. மென்பொருளைச் சுருக்கி 700 எம்.பி. கொண்ட ஒரே சி.டி.யில் அடக்கியது. தானாகவே வன்பொருளைக் கண்டறிவதுதான் அதன் சிறப்பு. பிறகு 2004இல் வந்த ‘உபுண்டு’, கேட்டவர்களுக்கு இலவச சி.டி.யை 2011 வரை அஞ்சலில் அனுப்பி வந்தது. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்கது. இன்று சி.டி.யின் இடத்தைப் பென்டிரைவ் பிடித்துவிட்டது. பெயர் மட்டும் லைவ் டிஸ்க் என்றே நிலைத்துவிட்டது.

தயாரிப்பது எப்படி?

8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் உள்ள படம், பாட்டு, கோப்பு எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் அவற்றை வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும்.

அடுத்து, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலிருந்து ‘ஐ.எஸ்.ஓ.’ கோப்பைப் பதிவிறக்கம் செய்ய வேண்டும். இரண்டும் இலவசம். மின்ட் சுமார் 3 ஜி.பி.; உபுண்டு சுமார் 6 ஜி.பி. வீட்டில் இணைய வேகம் குறைவாக இருந்தாலோ, கைப்பேசி டேட்டாவை நம்பியிருந்தாலோ மின்ட் போதும். வன்பொருளைப் படிக்கும் கருவிகளும் மின்டில் தயாராகவே வருகின்றன. உபுண்டுவில் தொடக்கத்திலேயே தமிழைத் தேர்வு செய்யலாம் என்பது அதன் அனுகூலம்.

ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்துப் பென்டிரைவில் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. ‘ரூஃபஸ்’ அல்லது ‘எட்சர்’ என்ற இலவசச் செயலியைக் கொண்டு எழுத வேண்டும். செயலியில் ஐ.எஸ்.ஓ. கோப்பையும் பென்டிரைவையும் தேர்ந்தெடுத்துத் தொடக்கப் பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தவறான டிரைவைத் தேர்ந்தெடுத்துவிடாமல் இருக்க, அந்த நேரத்தில் கணினியில் வேறு பென்டிரைவ் எதையும் செருகி வைக்காதிருப்பது நல்லது.

மிகப் பழைய கணினி சில நேரம் பென்டிரைவிலிருந்து தொடங்காது, டி.வி.டி. தேவைப்படும். ஒரு சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. என்பதால் மின்ட் அதில் அடங்கும், உபுண்டு அடங்காது.

கணினியை அதிலிருந்து தொடங்குதல்

கணினியை முழுமையாக நிறுத்த வேண்டும். விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுக்கும்போது ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டே கொடுத்தால் முழுமையாக நிற்கும். பிறகு பென்டிரைவைச் செருகி, மின்விசையை அழுத்தியவுடன் ‘பூட் மெனு’வுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஸ்கேப், பிறகு எஃப்9; ஏசரில் எஃப்12; ஆசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப்; எம்.எஸ்.ஐ.யில் எஃப்11. ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், எஃப்2 வழியாக உள்ளே சென்று அதை முடுக்கிவிட வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் பென்டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு அமைப்பை அணைக்கும்படி சிலர் சொல்வார்கள். உபுண்டுவும் மின்டும் அதை அணைக்காமலே தொடங்கக்கூடியவை. அதை மாற்றினால், ‘பிட்லாக்கர்’ பூட்டு உள்ள கணினியில் விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அந்தக் குறியீடு கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனது போனதுதான். விற்பவரின் கணினியில் இந்த வேலையைச் செய்வதற்கு முன் அவருடைய அனுமதியைப் பெறுவதும், எந்த அமைப்பையும் மாற்றாமல் இருப்பதும் அவசியம்.

பயோஸ் கடவுச்சொல் கேட்டு, அது விற்பவருக்கே தெரியவில்லை என்றால், அந்தக் கணினியை விட்டுவிடுவதே மேல். அது ஏதோ ஓர் அலுவலகத்துக்குச் சொந்தமானதாக இருக்கலாம்.

திரை வந்ததும் தொடக்கூடாதவை

ஓரிரு நிமிடங்களில் மேசைத்திரை தோன்றும். அங்கே ‘இன்ஸ்டால்’ என்று ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொடக்கூடாது. அது லினக்ஸை ஹார்ட் டிஸ்க்கில் நிறுவும் வேலையைத் தொடங்கும். தவறான தேர்வு எல்லாவற்றையும் அழித்துவிடும். உபுண்டு தானாகவே நிறுவும் சாளரத்தைத் திறந்து கேட்டால், நிறுவாமல் முயன்று பார்க்கும் ‘டிரை’ என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். ‘டிஸ்க்ஸ்’ செயலியில் ‘ஃபார்மட்’ என்று இருக்கும் எதையும் அழுத்தக்கூடாது. இந்த இரண்டையும் தவிர்த்தால், பார்ப்பதால் மட்டும் கணினிக்கு எந்தக் கேடும் வராது.

மின்டில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் முழு அறிக்கையும் ஒரே பக்கத்தில் வரும். சில பதிப்புகளில் அது ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ என்பதற்குள் இருக்கும். உபுண்டுவில் ‘செட்டிங்ஸ்’ சென்று ‘அபவுட்’ பகுதியைப் பார்த்தால் பிராசசர், ரேம், டிஸ்க் அளவு தெரியும். ‘டெர்மினல்’ திறந்து கட்டளை கொடுக்கத் தயங்காதவர்கள் மின்டில் ஐ-என்-எக்ஸ்-ஐ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பெரிய எஃப் எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரிவான அறிக்கை கிடைக்கும். அதன் முன்னால் எஸ்-யு-டி-ஓ என்று தட்டி ஓர் இடைவெளி விட்டால், கணினியின் வரிசை எண்ணும் தெரியும். லைவ் டிஸ்க்கில் கடவுச்சொல் கேட்காது.

பிராசசர்: ‘ஐ7’ என்றால் மட்டும் போதாது

விளம்பரத்தில் அதிகமாக ஏமாற்றுவது இந்த இடம்தான். ‘கோர் ஐ5’, ‘கோர் ஐ7’ என்பவை இன்டெல் நிறுவனத்தின் வகைப்பெயர்கள். கணினி எந்தக் காலத்தது என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ5-3320எம் என்றால் முதல் இலக்கம் 3. அது மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது, இரண்டு கோர் கொண்டது. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது, நான்கு கோர் கொண்டது. ஐ5-10210யு, ஐ5-1135ஜி7 போன்றவற்றில் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். அவை பத்தாம், பதினோராம் தலைமுறை. கோட்டுக்குப் பின் மூன்றே இலக்கம் இருந்தால், எடுத்துக்காட்டாக ஐ7-620எம், அது 2010ஆம் ஆண்டைச் சேர்ந்த முதல் தலைமுறை. அந்த ஐ7ஐவிட 2017இன் ஐ5 பல மடங்கு மேல்.

விண்டோஸ் 11க்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். அதோடு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம், ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவையும் தேவை. ஏழாம் தலைமுறைக் கணினியை ‘விண்டோஸ் 11 போட்டுத் தந்தாச்சு’ என்று விற்றால், நிபந்தனையைச் சுற்றிக்கொண்டு நிறுவியிருக்கிறார்கள் என்று பொருள். அது இன்று ஓடும். நாளைக்கும் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

ரேம்: எத்தனை, எந்த வகை, இன்னும் இடம் உண்டா?

அறிக்கையில் 8 ஜி.பி.க்குப் பதில் 7.6 அல்லது 7.7 என்று தெரிந்தால் பதற வேண்டாம். திரைக்காட்சிக்காகவும் வேறு பணிகளுக்காகவும் கணினி ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. 8 என்று சொல்லி 3.7 காட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மேலே சொன்ன கட்டளையில் பெரிய எஃப்-க்குப் பதில் சிறிய எம் எழுத்தைக் கொடுத்தால், ரேம் செருகும் இடங்கள் எத்தனை, எவை நிரம்பியிருக்கின்றன, வகை டி.டி.ஆர்.3ஆ, டி.டி.ஆர்.4ஆ என்பன தெரியும். எஸ்-யு-டி-ஓ இங்கே கட்டாயம். இது பணத்தை மிச்சப்படுத்தும் தகவல். 4 ஜி.பி. உள்ள கணினியில் இன்னோர் இடம் காலியாக இருந்தால், புதுக் கணினி வாங்காமல் ஒரு ரேம் துண்டை மட்டும் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். டி.டி.ஆர்.3 துண்டு டி.டி.ஆர்.4 இடத்தில் பொருந்தாது என்பதால், கடைக்குப் போகும் முன் வகையை எழுதிக்கொண்டு போக வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்: வயதும் உடல்நிலையும்

500 ஜி.பி. டிஸ்க் 465 என்று தெரிவதும், 256 ஜி.பி. 238 என்று தெரிவதும் வழக்கம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார். கணினி 1024இன் மடங்கில் எண்ணுகிறது. இதற்காகக் கடைக்காரரிடம் சண்டை பிடிப்பது நியாயமில்லை.

அளவைவிட முக்கியம் டிஸ்க்கின் உடல்நிலை. ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து, இடப்பக்கம் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே மூன்று புள்ளி உள்ள பட்டியலில் ‘ஸ்மார்ட் டேட்டா’ என்பதைச் சொடுக்க வேண்டும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பேடு அது. மூன்று வரிகளைப் பார்த்தால் போதும்.

முதலாவது, 9ஆம் எண் வரி: டிஸ்க் இயங்கிய மொத்த நேரம். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 2,920 மணி நேரம். 20,000ஐத் தாண்டியிருந்தால் அது ஏறக்குறைய ஏழு ஆண்டு அலுவலக வேலை பார்த்த டிஸ்க்.

இரண்டாவது, 5ஆம் எண் வரி: கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. பூஜ்யமாக இருப்பது நல்லது.

மூன்றாவது, 197ஆம் எண் வரி: படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள். இங்கே பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் டிஸ்க்கை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. பிள்ளையின் இடுபணியும் குடும்பப் படமும் அதில் இருக்கக்கூடாது.

என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.களுக்குச் செயலியின் பழைய பதிப்புகளில் இந்தப் பக்கம் திறக்காது. புதிய பதிப்பு லைவ் டிஸ்க்கைப் பயன்படுத்தினால் எத்தனை விழுக்காடு தேய்ந்திருக்கிறது என்பதைக் காணலாம்.

பேட்டரி, வைஃபை, மற்றவை

மின்டின் விரிவான அறிக்கையில் பேட்டரி வரியில் இரண்டு எண்கள் இருக்கும்: இப்போது எவ்வளவு பிடிக்கிறது, புதிதில் எவ்வளவு பிடித்தது. 48க்கு 24 என்றால் பாதி ஆயுள் போய்விட்டது. மின்சார வசதி எப்போதும் பக்கத்தில் இருக்கும் வீட்டில் அது பெரிய குறையில்லை. கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோகும் பிள்ளைக்கு அது குறைதான். மாற்றுப் பேட்டரியின் விலையைக் கேட்டுக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.

வைஃபையை அங்கேயே கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’டில் இணைத்துப் பார்க்கலாம். ஒலி, கேமரா, விசைப்பலகையின் ஒவ்வோர் எழுத்து, யூ.எஸ்.பி. துளைகள் ஒவ்வொன்றையும் சோதிக்க இதுவே நேரம். வைஃபை வேலை செய்யாவிட்டால் உடனே அது பழுது என்று முடிவு கட்டக்கூடாது. ‘பிராட்காம்’ நிறுவனத்தின் சில வைஃபை அட்டைகளுக்கும், பல விரல்ரேகைக் கருவிகளுக்கும் லினக்ஸில் தனி மென்பொருள் தேவைப்படும். அந்தப் பாகம் அறிக்கையில் பெயரோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் பாகம் இருக்கிறது. பிறகு விண்டோஸில் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம்.

பெயர் தெரியாத பாகத்துக்கு ‘டிரைவர்’ தேடுவது

யாரோ நன்கொடையாகக் கொடுத்த கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு இணையம் வராமல் போகலாம். ஒலி கேட்காமல் போகலாம். எந்தப் பாகத்துக்கு எந்த டிரைவர் என்று தெரியாததே சிக்கல். லைவ் டிஸ்க்கின் டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ என்று தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் இரண்டு சிறிய என் எழுத்தும் கொடுத்தால், ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் நான்கு, நான்காகப் பிரிந்த ஒரு குறியீடு வரும். முதல் நான்கு தயாரிப்பாளரைக் குறிக்கும். அடுத்த நான்கு பாகத்தைக் குறிக்கும். 8086 என்றால் இன்டெல். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற 8086 பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டது. 10இ.சி. என்றால் ரியல்டெக், 10டி.இ. என்றால் என்விடியா, 14இ4 என்றால் பிராட்காம், 1002 என்றால் ஏ.எம்.டி.யின் திரைச்சில்லு. இந்த எட்டு எழுத்துக் குறியீட்டை இணையத்தில் தேடினால் பாகத்தின் சரியான பெயர் கிடைக்கும். பிறகு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரைப் பதிவிறக்கலாம்.

ஓர் அறிக்கையைப் படித்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, ‘ஐ7, 8 ஜி.பி. ரேம், 500 ஜி.பி., டிப்-டாப் கண்டிஷன், 600 ரிங்கிட்’ என்ற விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். லைவ் டிஸ்க் சொல்வது இதுவாக இருக்கலாம்: பிராசசர் ஐ7-3520எம், ரேம் டி.டி.ஆர்.3, இரண்டு இடத்திலும் 4 ஜி.பி. வீதம், டிஸ்க் 21,000 மணி நேரம் ஓடியது, 197ஆம் வரியில் 16, பேட்டரி 48க்கு 19.

விளம்பரத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் இது 2012ஆம் ஆண்டின் இரண்டு கோர் கணினி. விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை. டிஸ்க்கையும் பேட்டரியையும் உடனே மாற்ற வேண்டும். அந்த இரண்டின் விலையைக் கூட்டினால் 600 ரிங்கிட் 600ஆக நிற்காது. எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும், லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் குடும்பம், ஓர் எஸ்.எஸ்.டி. விலையைக் கழித்துக்கொண்டு குறைந்த விலைக்கு இதைக் கேட்கலாம். விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் தேவைப்படும் பாலிடெக்னிக் மாணவருக்கு இது உதவாது.

லைவ் டிஸ்க்குக்கும் தெரியாதவை

எல்லாவற்றையும் இது சொல்லிவிடாது. ஸ்மார்ட் குறிப்பேட்டை அழித்து எழுதும் ஆசாமிகள் உண்டு. 1,000 ஜி.பி. என்று தன்னைப் பற்றிப் பொய் சொல்லும்படி செய்யப்பட்ட போலி பென்டிரைவ்களும் எஸ்.எஸ்.டி.களும் இணையச் சந்தையில் உலவுகின்றன; முழுக்க எழுதிப் பார்த்தால் தவிர அது வெளிப்படாது. சூடேறினால் அணைந்துபோகும் கணினியும் முதல் பத்து நிமிடம் நல்லபடி ஓடும். ஆகவே அரை மணி நேரமாவது ஓடவிட்டு, ஒரு காணொளியைப் போட்டு, விசிறிச் சத்தத்தைக் கேட்பது நல்லது. சந்தேகம் இருந்தால், பல லைவ் டிஸ்க்குகளின் தொடக்கப் பட்டியலிலேயே உள்ள ‘மெமரி டெஸ்ட்’ கொடுத்து ரேமைச் சோதிக்கலாம். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

அறிக்கையில் தெரியும் வரிசை எண்ணும் கணினியின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் உள்ளே மதர்போர்டு மாற்றப்பட்டிருக்கலாம். டெல், ஹெச்.பி., லெனோவோ தளங்களில் அந்த எண்ணைக் கொடுத்தால் உத்தரவாதக் காலத்தையும் பார்க்க முடியும். அரசாங்க உடைமை என்று ஒட்டு வில்லை இருந்தாலோ, அதைச் சுரண்டிய தடம் இருந்தாலோ வாங்காமல் விலகுவதே புத்திசாலித்தனம்.

விற்பவரும் கவனிக்க வேண்டியது

பூட்டப்படாத ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்புகளை லைவ் டிஸ்க் கொண்டு யாரும் திறந்து பார்க்கலாம். விண்டோஸ் கடவுச்சொல் அதைத் தடுக்காது. மைகார்டு நகல், வங்கி அறிக்கை, பிள்ளைகளின் படங்கள் இருக்கும் கணினியை ‘பாஸ்வர்டு போட்டிருக்கிறதே’ என்று நம்பி விற்பது ஆபத்து. விற்கும் முன் விண்டோஸின் ‘ரீசெட்’ வசதியில், எல்லாவற்றையும் நீக்கி டிரைவையும் துடைக்கும் தேர்வைக் கொடுக்க வேண்டும். இயங்காத கணினியானால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம்.

ரசீதில் எழுதி வாங்குங்கள்

ஈப்போ யிக் பூங் வளாகத்திலோ, தாமான் ஓரத்துக் கடையிலோ, எங்கு வாங்கினாலும் பிராசசரின் முழு எண், ரேம் அளவு, டிஸ்க் வகை, உத்தரவாத நாள் ஆகிய நான்கையும் ரசீதில் எழுதி வாங்குவது நல்லது. அறிக்கைத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டிச் சோதிப்பதற்கு நேர்மையான கடைக்காரர் மறுப்புச் சொல்வதில்லை; பிறகு வரும் தகராறு அவருக்கும் மிச்சம்.

சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. பாதிப்பு ஏற்பட்ட மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இது வியாபாரிகளிடம் வாங்கிய பொருளுக்குத்தான். தெரிந்தவரிடமோ, சமூக ஊடகத்தில் தனிநபரிடமோ வாங்கிய கணினிக்கு இந்த வழி கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பணம் கைமாறும் முன் செய்யும் சோதனை ஒன்றே பாதுகாப்பு.

ஒரு பென்டிரைவை ஒருமுறை தயாரித்துவிட்டால், அதை எத்தனை கணினிக்கும் பயன்படுத்தலாம். ஒரு தாமானுக்கோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ ஒன்று இருந்தால் போதும். கணினி வாங்கப் போகிறவர் இரவல் வாங்கிப் போய், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.